கேபிள் பெட்டியைத் தூக்கிச் செல்லப் பேரூராட்சிக்கு அதிகாரம் உண்டா?

கேள்வி: எங்கள் பேரூராட்சியில் அப்பா 1990-களில் தொடங்கிய கேபிள் டிவி தொழிலை இப்போது நான் நடத்துகிறேன். சுமார் 600 இணைப்புகள். கோயில் கொடை, பள்ளி ஆண்டு விழா, இரங்கல் அறிவிப்பு என்று உள்ளூர் சேனல் ஒன்றும் ஓடுகிறது. கோடையில் குடிநீர்த் தட்டுப்பாடு பற்றி எங்கள் தெருப் பெண்களைப் பேட்டி எடுத்துப் போட்டோம். சில நாளில் செயல் அலுவலரிடமிருந்து நோட்டீஸ் வந்தது: தெருவிளக்குக் கம்பத்தில் அனுமதியில்லாமல் வயர், கேளிக்கை வரி பாக்கி, உரிமம் இல்லாத சேனல் என்று மூன்று குற்றச்சாட்டு. எழுத்தில் பதில் கொடுக்கவில்லை. தலைவரை நேரில் பார்த்துப் பேசினேன். அடுத்த மாதம் பணியாளர்கள் வந்து இரண்டு தெருவில் வயரை அறுத்தார்கள். கன்ட்ரோல் ரூமிலிருந்து என்கோடர், கம்ப்யூட்டர், ஆம்ப்ளிபயர் எல்லாவற்றையும் எடுத்துப் போனார்கள். ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள், நகல் தரவில்லை. ஏழு வாரம் ஆகிவிட்டது. டிவியைக் கட்டுப்படுத்தப் பேரூராட்சிக்கு அதிகாரம் உண்டா? நஷ்டஈடு கேட்கலாமா? தபால் நிலையத்தில் பெற்ற பதிவுச் சான்றிதழ் அப்பா பெயரில் உள்ளது. அவர் 2021-ல் காலமாகிவிட்டார்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தென் மாவட்டம்

பதில்: போகிற போக்கில் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் உங்கள் வழக்கு நிற்கிறது. கம்பம், வரி, பேட்டி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

1995-ம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்பு (ஒழுங்குமுறை) சட்டம், பிரிவு 3-ல் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கிறது. கேபிளை நடத்துகிறவர் பதிவு பெற்றவரா? நடத்துகிறவர் நீங்கள். பதிவு பெற்றவர் உங்கள் அப்பா. வீட்டுப் பட்டாவைப் போல வாரிசுச் சான்றிதழைக் காட்டிப் பெயர் மாற்றிக்கொள்ளும் சொத்து இது என்று நினைத்துவிட்டீர்கள். அப்பா பெயர் ஒரு பக்கம் இருக்கட்டும். தலைமைத் தபால் நிலையத்தில் 500 ரூபாய் கட்டி வாங்கிய அந்தப் பதிவுக்கு ஆயுள் 12 மாதம். வருடா வருடம் புதுப்பித்திருக்க வேண்டும். அப்பா மறைந்து இத்தனை ஆண்டாகியும் நீங்கள் புதுப்பித்ததாகக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. ஆகவே உங்கள் கையில் இருப்பது காலாவதியான, வேறொருவர் பெயரிலான தாள். அதை நம்பி 600 வீட்டுக்கு இணைப்புக் கொடுத்து மாதா மாதம் பணம் வசூலித்திருக்கிறீர்கள்.

கடுமையாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பேரூராட்சி உங்களுக்குச் செய்தது, நீங்கள் சொல்வது உண்மையானால், சட்டத்துக்குப் புறம்பானது. நல்ல வழக்கு. அதைத் தூக்கிக்கொண்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனால், எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து கேட்கும் முதல் கேள்வி, "மனுதாரர் பதிவு பெற்ற ஆபரேட்டரா?" என்பதாகத்தான் இருக்கும். ரிட் மனுவில் நிவாரணம் கேட்பவர் தன் பக்கம் சட்டப்படி சரியாக இருக்கிறது என்று காட்ட வேண்டும். உங்களால் இன்று அது முடியாது.

இனி அதிகாரம் யாருக்கு என்பதைப் பார்ப்போம். கேபிள் கருவிகளைக் கைப்பற்றும் அதிகாரம் பிரிவு 11-ன்படி 'அதிகாரம் பெற்ற அலுவலருக்கு' மட்டுமே உண்டு. அவர் யார் என்பதைப் பிரிவு 2 சொல்கிறது: மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர், காவல் ஆணையர், இவர்களைத் தவிர மத்திய அரசோ மாநில அரசோ அரசிதழில் அறிவித்த வேறு அலுவலர். பேரூராட்சிச் செயல் அலுவலர் அந்தப் பதவியின் பேரில் இந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் பகுதிக்கென்று அவரை அறிவித்த அரசிதழ் ஆணை இருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். 'அப்படி ஓர் ஆணை இல்லை' என்று எழுத்தில் வந்துவிட்டால், அந்தத் தாள் உங்கள் வழக்கில் பெரிய ஆவணம்.

சரி, ஆட்சியரோ கோட்டாட்சியரோதான் ஆளனுப்பினார் என்று நாளைக்குச் சொன்னால்? அப்போதும் சட்டம் சும்மா விடுவதில்லை. பறிமுதல் செய்வதாக இருந்தால் கைப்பற்றிய நாளிலிருந்து பத்து நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். தராவிட்டால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது பிரிவு 14. ஒளிபரப்பின் உள்ளடக்கம்தான் குற்றம் என்றால், ஆபரேட்டர் தானே தயாரித்துப் போடும் சேனலுக்கான கருவியோடு கைப்பற்றல் நின்றுவிட வேண்டும் என்று பிரிவு 11-லேயே வரம்பு இருக்கிறது. மற்ற சேனல்கள் போகும் ஆம்ப்ளிபயரைத் தூக்கியதற்கு இந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது.

ஆனால் பிரிவு 12-ஐயும் படியுங்கள். பதிவு இல்லாமல் நடத்தியதற்காகக் கைப்பற்றியிருந்தால், அன்றிலிருந்து 30 நாளுக்குள் பதிவு பெற்றுவிட்டால் கருவி பறிமுதலாகாமல் தப்பும். முப்பது நாள்! அந்த வாசல் உங்களைப் போன்றவர்களுக்காகவே வைத்தது. நீங்கள் ஏழு வாரம் என்ன செய்தீர்கள்? அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. கைப்பற்றியவருக்கு அதிகாரமே இல்லை, ஆகவே எனக்கு அந்தக் கெடு ஓடவில்லை என்று வாதாட இடமிருக்கிறது. அந்த வாதத்தை வைத்துக்கொண்டு இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

ஆகவே முதல் வேலை பதிவு. 2025 ஜனவரி 17 முதல் தபால் நிலையத்தில் இந்த வேலை கிடையாது. மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் பிராட்காஸ்ட் சேவா தளத்தில் ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 5,000 ரூபாய், பதிவு 5 ஆண்டு செல்லும். மறுத்தால் 30 நாளில் மேல்முறையீடு உண்டு. விண்ணப்பத்தில் உங்கள் பெயரைப் போடுங்கள், அப்பா பெயரை வேண்டாம். சிக்னல் தரும் எம்.எஸ்.ஓ.வுடன் அப்பா போட்ட ஒப்பந்தத்தையும் உங்கள் பெயருக்குப் புதிதாக எழுதி வாங்குங்கள். பதிவு கைக்கு வரும்வரை என்ன செய்வது என்று வக்கீலிடம் நேரில் கேளுங்கள். 'தொடர்ந்து நடத்துங்கள்' என்று பத்திரிகையில் நான் எழுத முடியாது.

இரண்டாவது, அந்த நோட்டீஸ். பேரூராட்சி சொன்ன மூன்றையும் ஒரே மூட்டையாக நினைக்காதீர்கள். கம்பத்தைப் பொறுத்தவரை அவர்களுக்கு அதிகாரம் உண்டு. 2011 திருத்தத்தில் வந்த பிரிவு 4பி, பொது அமைப்பின் இடத்தில் கேபிள் போட, கம்பம் நட ஆபரேட்டருக்கு வழி விடுகிறது. கூடவே அந்த அமைப்பிடம் விண்ணப்பித்து அனுமதி வாங்கச் சொல்கிறது, நியாயமான நிபந்தனை விதிக்கவும் விடுகிறது. அகற்றவோ இடம் மாற்றவோ வேண்டும் என்றால் கெடு வைத்து உங்களையே அதைச் செய்யச் சொல்லலாம் என்பது அதே பிரிவு. அது புதைத்த கேபிளையும் கம்பத்தையும்தான் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தொங்கும் வயருக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கம்பம் மின்வாரியத்தினுடையதா பேரூராட்சியினுடையதா என்பதையும் பாருங்கள். மின்வாரியக் கம்பம் என்றால் அங்கே தனி அனுமதி, தனிக் கட்டணம். உங்கள் வயர் எந்தெந்தக் கம்பத்தில் போகிறது என்று எண்களோடு ஒரு படம் வரைந்து, அனுமதி கேட்டு இன்றே மனுக் கொடுங்கள்.

வரி விஷயத்திலும் வீறாப்பு வேண்டாம். ஜி.எஸ்.டி.க்காக 2016-ல் நடந்த 101-வது அரசமைப்புத் திருத்தத்தில் கேளிக்கை வரி உள்ளாட்சிகளுக்கென்று விடப்பட்டது. 2017-ல் தமிழ்நாட்டில் அதற்குத் தனிச் சட்டமும் வந்தது. கேளிக்கை வரி, சேவை வரி இரண்டும் ஒன்றையொன்று விலக்காது என்று கேரளத்துக் கேபிள் நிறுவன வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே 'ஜி.எஸ்.டி. கட்டுகிறோம், வேறு வரி கிடையாது' என்ற பதில் எடுபடாது. எந்தச் சட்டப் பிரிவில், எந்த வருடத்துக்கு, எத்தனை இணைப்புக்கு என்று கணக்குக் கேளுங்கள். வரி மதிப்பீட்டு ஆணை இல்லாமல் வெறும் 'பாக்கி' என்றால் ஆட்சேபணை எழுதுங்கள். பாக்கிக்கு வசூல் நடவடிக்கை எடுக்க முறை இருக்கிறது. நோட்டீஸுக்கு மறுமாதம் ஆளனுப்பி என்கோடரைத் தூக்குவது அந்த முறையில் சேராது.

அடுத்தது, ஒளிபரப்பில் என்ன போகிறது என்ற மேற்பார்வை. இது பேரூராட்சியின் வேலை இல்லை. அதற்கென்று மாவட்ட அளவில் கண்காணிப்புக் குழு அமைக்க 2005-லும் 2008-லும் மத்திய அரசு ஆணையிட்டது. ஆட்சியர் தலைவர், காவல் கண்காணிப்பாளர், மக்கள் தொடர்பு அலுவலர், மகளிர் கல்லூரி முதல்வர், குழந்தைகள் மற்றும் பெண்கள் நலத் தொண்டு நிறுவனத்தார் உறுப்பினர்கள். உங்கள் பேட்டியில் தவறு இருந்தால் செயல் அலுவலர் அந்தக் குழுவுக்கு எழுதியிருக்கலாம். நிகழ்ச்சியைத் தடை செய்ய வேண்டுமானால் பிரிவு 19-ல் அதிகாரம் பெற்ற அலுவலர் ஆணையிட வேண்டும்.

குழாயடியில் நின்று பெண்கள் தண்ணீர் வரவில்லை என்று சொல்வது குற்றமாகாது. ஆட்டோ சங்கர் வழக்கு என்று நம் ஊரில் அறியப்பட்ட 1994-ம் ஆண்டுத் தீர்ப்பில், அரசும் உள்ளாட்சியும் தங்களுக்கு அவதூறு என்று நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது என்றே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கடமை சார்ந்த செயலைப் பற்றிய விமர்சனத்துக்கு அலுவலர் தனியாக வழக்குப் போட்டால், உண்மையா பொய்யா என்று கவலைப்படாமல் சொன்னார்கள் என அவர் நிரூபிக்க வேண்டும். அதற்காக எதையும் போடலாம் என்று பொருளில்லை. தனி மனிதரைப் பழிப்பதும் அவதூறு செய்வதும் கேபிள் விதி 6-ன் நிகழ்ச்சி நெறிமுறைக்கு விரோதம். பேட்டியில் யாராவது தலைவரின் பெயரைச் சொல்லி 'காசு தின்றார்' என்று பேசியிருந்தால், அதை வெட்டாமல் போட்டது உங்கள் பொறுப்பு. அந்தப் பதிவின் நகல் பென் டிரைவில் இருக்கிறதா? கம்ப்யூட்டரோடு போய்விட்டது என்றால், பார்த்தவர்களில் யாராவது செல்போனில் எடுத்திருப்பார்கள், தேடி வாங்குங்கள்.

நோட்டீஸின் மூன்றாவது குற்றச்சாட்டான சேனல் உரிமம் பற்றி ஓர் எச்சரிக்கை. எம்.எஸ்.ஓ.க்கள் நடத்தும் சொந்தச் சேனல்களுக்கு 2022 நவம்பரில் மத்திய அரசு நெறிமுறை வெளியிட்டது. சேனலுக்கு 1,000 ரூபாய் கட்டிப் பதிவு செய்ய வேண்டும்; உள்ளூர்ச் செய்தி தரக் கம்பெனியாகப் பதிவான அமைப்புக்கு மட்டுமே இடம். உங்கள் சேனல் யாருடைய எண்ணில், யாருடைய பதிவில் போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. கொடை விழாவைப் போடுவதும், பேட்டியோடு செய்தி போடுவதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றாக இருக்காது. இந்த விவரத்தைக் கேட்டு வாங்காமல் எந்த வக்கீலும் உங்களுக்கு மனு எழுதக் கூடாது.

இன்னொன்று, நிகழ்ச்சிப் பதிவேடு. ஒவ்வொரு மாதமும் என்னென்ன ஒளிபரப்பானது என்று சுருக்கமாக எழுதி, ஒளிபரப்பிய நாளிலிருந்து ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும் என்கிறது பிரிவு 7. பெரும்பாலான ஆபரேட்டர்கள் வசூல் நோட்டை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதுவார்கள்; இந்தப் பதிவேட்டைத் திறப்பதே இல்லை. உங்களிடம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். இல்லையென்றால் பழைய தேதி போட்டு இப்போது உட்கார்ந்து எழுதாதீர்கள். அது வேறு வழக்கில் கொண்டுபோய் விடும்.

நஷ்டஈடு கேட்கலாம். பதிவு இல்லாதவரின் பொருளாக இருந்தாலும், சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாரும் எடுத்துப் போக முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் 300-ஏ பிரிவு சொத்துக்குத் தரும் பாதுகாப்பு அது. ஆனால் கருவிகளைத் திரும்பப் பெறுவது முதலில், பணம் பிறகு. பில் இல்லாமல் என்ன மதிப்பு என்று எந்த நீதிமன்றமும் கணக்குப் போடாது. என்கோடர் வாங்கிய கடையில் நகல் பில் கேளுங்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டு நகல் வாங்காமல் விட்டீர்களே, அந்தத் தாளைப் பற்றி. அது மகஜராக இருக்கலாம். 'நானே விருப்பத்துடன் ஒப்படைத்தேன்' என்று எழுதிய ஒப்புதலாகவும் இருக்கலாம். படித்தீர்களா என்பதைக்கூட நீங்கள் எழுதவில்லை. செயல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு ஒரு கடிதம் அனுப்புங்கள்: எந்த நாளில், யார் யார் வந்து, என்னென்ன எடுத்தார்கள், எந்தச் சட்டப் பிரிவில் எடுத்தார்கள், மகஜர் நகல் தாருங்கள் என்று. அதே கடிதத்தின் நகலை ஆட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் அனுப்புங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரிலும் கொடுத்து மனு எண் வாங்குங்கள். தலைவரிடம் வாயால் பேசிய பேச்சுக்கு இனிமேல் ஒரு பயனும் இல்லை. அவர் ஏதாவது வாக்குக் கொடுத்திருந்தாலும் கோப்பில் அது இருக்காது.

இத்தனையும் உங்கள் ஒரு பக்கக் கடிதத்தை மட்டும் வைத்து எழுதியது. நோட்டீஸை நான் பார்க்கவில்லை. அதில் நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டத்தின் எந்தப் பிரிவைக் குறித்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறலாம். பதிவு விண்ணப்ப ரசீது, பழைய சான்றிதழ், அப்பாவின் இறப்புச் சான்று, எம்.எஸ்.ஓ. ஒப்பந்தம், நோட்டீஸ், அது வந்த உறை, அறுத்த வயரின் படங்கள் ஆகியவற்றோடு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் வழக்கு நடத்தும் வக்கீல் ஒருவரை இந்த வாரமே நேரில் பாருங்கள். கட்டணம் கொடுக்க முடியாத நிலை என்றால், உங்கள் தாலுகா நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவில் இலவச உதவிக்குத் தகுதி உண்டா என்று கேட்கலாம்.