ஓடும் மோட்டார் வண்டி இடைவழியில் நிற்பதேன்?

மோட்டார் வண்டிக்கு நேரும் பழுதுகளுள் மிக்க அச்சம் விளைப்பது, ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அணைந்துபோதலாகும். புறப்பட மறுக்கும் வண்டியால் நேரம் ஒன்றே கெடும். இடைவழியில் நிற்கும் வண்டியோ உயிருக்கே இடையூறு செய்ய வல்லது. சென்னையினின்றும் செங்குன்றம், காரனோடை வழியாகக் கும்மிடிப்பூண்டிக்கும் அப்பால் ஆந்திர எல்லைக்கும் செல்லும் 16-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், தொழிற்பேட்டைச் சரக்கு ஏற்றிய லாரிகள் இரவு பகலாய்ச் செல்வதை நம்மிற் பலர் கண்டிருப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி, விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும். அதன்முன் திடீரென நின்ற காரின் நிலை யாதாகும்? ஆதலின் இப்பழுதின் காரணத்தை ஆராயும் முறையை மாணவர் அறிந்திருத்தல் நலமாம்.

இப்பகுதி மோட்டார்த் தொழிலின் இரு காலங்களையும் கண்டது. 1948-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அசோக் மோட்டார்ஸ் கம்பெனியார், எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி வெளியிட்டனர். அவற்றில் பெட்ரோலைக் காற்றோடு கலந்து தந்தது கார்புரேட்டர். 1998-இல், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் ஜப்பானிய மிட்சுபிஷி கம்பெனியாருடன் கூடித் திருவள்ளூரையடுத்த தம் தொழிற்சாலையில் லான்சர் காரைச் செய்யலாயினர். இக்காலத்துப் பெட்ரோல் கார்களில் சென்சார்கள் செய்தி கூற, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சுகின்றது. கருவிகள் மாறினவேயன்றி, எஞ்சினின் தேவைகள் மாறவில்லை.

காரணம் ஆராயுமுன் உயிரைக் காத்தல் வேண்டும். எஞ்சின் அணைந்தபின், பிரேக்கிற்குத் துணைசெய்யும் வெற்றிட விசை புதிதாக உண்டாகாது. எஞ்சியிருப்பது ஓரிருமுறை மிதிப்பதற்கே போதும். பல வண்டிகளில் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். ஆகையால் எச்சரிக்கை விளக்குகளை இட்டு, வண்டி உருளும் வேகத்தைக்கொண்டே இடப்புற ஓரஞ்சேர்ந்து, பிரேக்கை விட்டுவிட்டு மிதியாமல் ஒரே அழுத்தமாக மிதித்து நிறுத்துக. வண்டி உருளுகையில் சாவியை உருவுதல் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

இனிக் காரணம். பெட்ரோல் எஞ்சினுக்கு வேண்டுவன மூன்று: பெட்ரோல், காற்று, காலத்தில் எழும் தீப்பொறி. எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். நிமிஷத்திற்கு 3000 சுற்றுச் சுற்றும் நான்கு சிலிண்டர் எஞ்சினில், விநாடிக்கு 100 முறை தீப்பற்றுதல் நிகழ்கின்றது. இம்மூன்றனுள் ஒன்று சிறிதுபோது தவறினும் எஞ்சின் அணைந்துவிடும். எனவே எது தவறியது என்பதே நம் வினா.

மருத்துவர் நாடி பார்க்குமுன் நோயாளியை வினவுவதுபோல, வண்டியோட்டியை முதலில் வினவல் வேண்டும். விளக்கைத் தட்டி அணைத்தாற்போல நின்றதா? ஆயின் மின்சாரத்தின்பால் ஐயங்கொள்க: காயில், இக்னிஷன் சுவிட்ச், ரிலே, கிராங்க் சென்சார் ஆகியவற்றை நோக்குக. அப்போது முகப்பு விளக்குகளும் ஒருங்கே அணைந்தனவாயின், பேட்டரி முனைகளின் இறுக்கத்தை முதலிற் பார்க்க. திக்கித் திக்கி, குலுங்கி நின்றதா? ஆயின் பெட்ரோல் வரத்துக் குறைந்திருக்கலாம்: அடைபட்ட ஃபில்டர், தளர்ந்த பம்பு, பெட்ரோலிற் கலந்த நீர் இவை காரணமாகும். ஆக்ஸிலரேட்டரை விட்டு வேகந்தணிக்கும்போது மட்டும் நிற்கின்றதா? ஆயின் காற்றுவழியில் படிந்த கரியையோ, வெடித்த ரப்பர்க் குழாயின்வழி நுழையும் காற்றையோ தேடுக. வெப்பமானியின் முள் ஏறியிருந்ததா? ஆயின் எஞ்சின் ஆறுமட்டும் ரேடியேட்டர் மூடியைத் தொடாதிருக்க.

இவற்றுள் மிகவும் மயக்கந்தருவது, சூடேறியபின் நின்று, ஆறியபின் ஒன்றுமறியாததுபோல் ஓடும் வண்டியாகும். பட்டறைக்குச் செல்வதற்குள் பழுது மறைந்துவிடுதலின், காரணம் புலப்படாது. கார்புரேட்டர்க் கார்களில், கோடை வெயிலில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி வழியை அடைப்பதுண்டு. பழைய அம்பாசிடர் ஓட்டிகள் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றியது இதுபற்றியே. புதிய கார்களில், கிராங்க் சென்சாரின் உட்கம்பி சூட்டில் விரிந்து தொடர்பற்று, ஆறியபின் மீண்டும் கூடுவது உண்டு. ஆகவே பழுது இருக்கும்போதே சோதித்தல் இன்றியமையாதது. நின்றவுடன் சாவியைத் திருப்பினால், டாங்கியினுள் பம்பு சில விநாடி முனகும் ஒலி பெரும்பாலான வண்டிகளிற் கேட்கும். கேளாவிடில் பம்பையும் அதன் மின்வழியையும் ஆராய்க. ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுழற்றும்போதும் சுற்றுமானியின் முள் அசையாதிருப்பின், கிராங்க் சென்சாரின்மேல் ஐயம் வலுக்கும். டாங்கி மூடியைத் திறந்தவுடன் காற்று உறிஞ்சப்பட்டு, வண்டியும் புறப்படுமாயின், மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருத்தல் கூடும். பெட்ரோல் வாடை வீசுமிடத்தில் தீப்பொறிச் சோதனை ஒருபோதும் செய்யற்க.

இக்காலத்துப் பட்டறைகளில், கம்ப்யூட்டரிற் பதிந்த பழுது எண்ணைப் படிக்கும் கருவி உண்டு. அது பேருதவியே, ஆயினும் அவ்வெண் தீர்ப்பன்று, சாட்சியேயாம். ஒரு சென்சாரின் செய்தி தவறியது என்றே அது கூறும். தவறியது சென்சாரோ, எலி கடித்த கம்பியோ, பாசி பிடித்த இணைப்போ என்பதை மனிதனே காணல் வேண்டும். அதனைக் காணாது, எண் கூறிய பாகத்தை மாற்றி, பின்னும் நிற்க மற்றொன்றை மாற்றி, கூலிக்கு வண்டியோட்டும் ஏழையின் ஒருமாத வருவாயைச் செலவழித்தபின், தளர்ந்த கம்பியொன்றை இறுக்கி முடிக்கும் பட்டறைகளும் உள. பழுது நீங்காமலே திரும்பிய வண்டி, மறுபடியும் அந்த நெடுஞ்சாலைக்கே செல்லுகின்றது என்பதையும் நினைக்க.

ஆகவே நாம் கொள்ளவேண்டிய முறை இது: நிகழ்ந்ததைக் கேட்டறிக, எளியதும் செலவில்லாததுமானவற்றை முதலிற் பார்க்க, ஒருகால் ஒன்றையே மாற்றுக, மாற்றியபின், பழுது தோன்றிய அதே வெப்பத்திலும் அதே வேகத்திலும் ஓட்டிச் சோதிக்க. எஞ்சின் மீண்டும் முழங்கியது என்பதனால் நோய் தீர்ந்ததென்று கொள்ளாது, அது நின்ற காரணத்தைக் கையாற் சுட்டிக் காட்ட இயலும்போதே வண்டியை உரியவனிடம் ஒப்புவித்தல் வேண்டும்.