கதவு திறந்திருக்கும் நாட்கள்

அன்புள்ள கயல்விழிக்கு,

"தையல் நல்லாத்தான் போட்டேன் சார், பத்து நாளாகியும் ஸ்கேன்ல நரம்பு ஏன் வீங்கியே இருக்கு?" என்று போனில் கேட்டாய். கண்ணாடி கிழித்த அந்தப் பையனின் மணிக்கட்டு உன்னைத் தூங்கவிடவில்லை போலிருக்கிறது.

இரத்தத்தில் இருப்பதெல்லாம் நரம்புக்குள் நுழைந்துவிட முடியாது. காவல் இரண்டு. உள்ளே ஓடும் நுண்குழாய்களின் சுவர் செல்கள் இடுக்கில்லாமல் நெருங்கி நிற்கின்றன; ஒவ்வொரு இழைக் கற்றையையும் பெரிநியூரியம் அடுக்கடுக்காகச் சுற்றியிருக்கிறது. 1960-களில் ஸ்வீடனில் ஓல்சன் முதலானோர் ஆல்புமினோடு பிணைந்த ஈவான்ஸ் நீலச் சாயத்தை விலங்குகளின் இரத்தத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். நல்ல நரம்பில் சாயம் குழாயைத் தாண்டவில்லை. அடிபட்ட நரம்பில் கசிந்து பரவியது.

அந்தக் கசிவைக் கண்டு பதறாதே. வெட்டுக்கு அப்பால் உள்ள நரம்பு சிதையும் என்று 1850-இலேயே வாலர் தவளை நாக்கின் நரம்பை அறுத்துக் காட்டிவிட்டார். இழைகளைப் போர்த்தியிருந்து சிதைந்துபோன மயலின் உறையை அள்ள, இரத்தத்திலிருந்து விழுங்கு செல்கள் உள்ளே வரவேண்டும். கல்யாணம் முடிந்த மறுநாள் மண்டபத்தைப் பூட்டிவைத்தால் எச்சிலிலையை யார் எடுப்பது? வேலை முடிந்து புது இழைகள் வளர வளர, தடுப்பு மெல்லத் திரும்பும்.

ஆனால் கற்றைக்குள் நிணநீர்க் குழாய் கிடையாது. கசிந்த நீருக்கு எளிதில் வடிய வழியில்லை. அழுத்தம் ஏறி நுண்குழாய்களையே நெரிக்கும். இதற்கு மேல் நாமும் இழுத்துத் தைத்தால் கேட்கவே வேண்டாம். 1973-இல் லுண்ட்போர்க், ரைடெவிக் இருவரும் முயலின் கால் நரம்பை இழுத்துப் பார்த்தார்கள்: 8 சதவீதம் நீண்டதுமே சிரை ஓட்டம் தடுமாறியது, 15 சதவீதத்தில் இரத்த ஓட்டமே நின்றது.

மைக்ராஸ்கோப்பில் கவனித்திருப்பாய், புதிதாக நறுக்கிய கற்றை முனை காளான்போலப் பிதுங்கும். உள்ளழுத்தம் செய்யும் வேலை அது. அதைத் திணித்துத் தைக்காதே. பிதுங்கியதை மட்டும் நறுக்கு. ஃபோர்செப்ஸ் வெளியுறையை மட்டும் பிடிக்கட்டும். மேலே நெடுக ஓடும் இரத்தக் குழாயை இரு முனையிலும் நேர்படுத்து. 9-0 நூல் அறுந்துபோகும் அளவுக்கு இழுவை இருந்தால், தடித்த நூலைத் தேடாதே, இடைவெளியை நிரப்ப ஒட்டு நரம்பைத் தேடு.

நான் அப்படிச் செய்யாத நாள் ஒன்று உண்டு. முப்பது வயதில், ஒட்டு எடுக்கச் சோம்பி, ஒரு தச்சரின், சுண்டுவிரலுக்குப் போகும் அல்நார் நரம்பை மணிக்கட்டை மடக்கி இழுத்துத் தைத்தேன். ஓராண்டு கழித்து வந்தவரின் சுண்டுவிரலில் பீடி சுட்ட தழும்பு. சுட்டது அவருக்குத் தெரியவேயில்லை.

உன் பையனிடம், இழை வளர்வது நாளுக்கு ஏறத்தாழ 1 மி.மீ.தான், மாதக்கணக்கில் ஆகும் என்று சொல்லிவிடு. வரும்போதெல்லாம் நரம்பின் வழியே தட்டிப் பார். சுரீரென்னும் இடம் விரலை நோக்கி நகர்கிறதா என்று குறித்துவை. அதுவரை காபி டம்ளரை மற்றக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டே எடுக்கச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியன்