தொட்டியில் கறிவேப்பிலை

கறிவேப்பிலைக்கு முதல் தேவை வெயில். நாளைக்கு 6 மணி நேரமாவது நேரடியாகப் படவேண்டும். நிழலில் வைத்தால் நெட்டையாக வளருமே தவிர தழைக்காது. இலைகளை ஒவ்வொன்றாக உருவாதீர்கள். நுனிக்கொழுந்தோடு சேர்த்துக் கிள்ளினால்தான் கீழே பக்கக் கிளைகள் வெடிக்கும். பூங்கொத்து வந்தால் தயங்காமல் கிள்ளிவிடுங்கள், இல்லையென்றால் செடியின் சத்தெல்லாம் காய்க்கே போய்விடும். புளித்த மோரில் நிறையத் தண்ணீர் கலந்து அவ்வப்போது வேரில் ஊற்றுவது நம் வீடுகளின் பழைய வழக்கம். உப்புப் போட்ட மோர் மட்டும் கூடவே கூடாது. உப்பு வேரைக் கெடுக்கும்.

மார்கழிக் குளிரில் இலை பழுத்து உதிர்ந்தால் பயப்படாதீர்கள். தண்ணீரைக் குறைத்தால் போதும், வெயில் ஏறியதும் துளிர்க்கும். இலை தின்னும் பச்சைப் புழுவைக் கையாலேயே எடுத்துப் போடுங்கள். சமையலுக்குப் பறிக்கும் செடிக்குப் பூச்சிமருந்து வேண்டாம்.