மார்க்கர் படுக்கட்டும், பேனா நிற்கட்டும்

கேள்வி: ஓவியப் பேனா, பென்சில், மார்க்கர் நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிட்டன. எப்படி அடுக்குவது?
- வாசகர், வட்டக்கோட்டை

பதில்: நிறத்தைப் பார்க்கும் முன் மையைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். இருமுனை மார்க்கரைப் படுக்கவைத்தால்தான் மை இருபுறமும் சமமாகப் பரவும். நிற்கவைத்தால் மேல்முனை வறண்டு, கோடு திட்டுத்திட்டாக விழும். மை நிரப்பும் பேனாவோ நிப் மேலே இருக்கும்படி நிற்க வேண்டும்.

பென்சில்களுக்கு 4எச், எச்பி, 2பி, 6பி என்ற வரிசையே போதும். திருவிதாங்கூர் தளபதி டிலனாய் 18ஆம் நூற்றாண்டில் வலுப்படுத்திய உங்கள் ஊர் வட்டக்கோட்டையின் கருங்கல் சுவருக்கு நிழல் தீட்டும்போது, 6பி கைக்கு உடனே அகப்படும். வண்ணப் பென்சிலை உயரத்தில் வைக்கக் கூடாது; விழுந்தால் உள்ளுக்குள்ளேயே முறிந்து, சீவச் சீவ முனை உதிரும்.

கடலோர உப்புக்காற்றில் தகர டப்பாவும் ஷார்ப்னர் பிளேடும் சீக்கிரம் துருவேறும். பனையோலைப் பெட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை.