மியூசியம் தோட்டமும் கனகக்குன்றும்: சாலைக்கு வருகிறவர்களுக்கு

நாகர்கோவில், நெல்லைப் பக்கத்து ஆட்களுக்குத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கிழக்கேகோட்டையில் ஆரம்பித்துக் கிள்ளிப்பாலம் பக்கம் போய் முடியும் இந்தச் சந்தையை அமைத்தவர் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் திவானாக இருந்த ராஜா கேசவதாசன். இன்றும் பாதிக் கடைகளில் தமிழிலேயே விலை பேசலாம். சிக்கல், காலை ரயிலில் வந்து இறங்குகிறவர்களுக்குத்தான். கடைகள் சாவகாசமாகத்தான் திறக்கும். அந்த இடைவெளியை ஸ்டேஷன் இருக்கும் தம்பானூரில் டீ குடித்துக் கழிக்காமல் நேராக மியூசியத்துக்குப் போய்விடுங்கள். ஊரிலேயே நல்ல தோட்டம் அங்கேதான் இருக்கிறது. அதன் புல்வெளிக்கோ நடைபாதைக்கோ டிக்கெட் கிடையாது.

கிழக்கேகோட்டையிலிருந்து ஸ்டாச்சு, பாளையம் வழியாக வெள்ளையம்பலம் போகும் எந்தப் பஸ்ஸும் மியூசியம் வாசலில் நிற்கும். நாலு கிலோமீட்டருக்குள்தான். ஆட்டோ என்றால் மீட்டர் போடச் சொல்லுங்கள். இந்த ஊரில் அதைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

1850களில் உத்திரம் திருநாள் மகாராஜா காலத்தில் தொடங்கிய ஏற்பாடு இந்த மியூசியம். பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஜெனரல் கல்லன் தூண்டினார்; வானிலை ஆய்வுக்கூடத்தை நடத்திக்கொண்டிருந்த ஆலன் பிரவுன் முதல் இயக்குநர் ஆனார். மியூசியத்தையும் மிருகக்காட்சி சாலையையும் ஒட்டித் தோட்டமும் உருவானது. நடுவில் வரிவரியாக வண்ணம் பூசி நிற்கும் மாளிகை 1880இல் முடிந்தது. கட்டியவர் ராபர்ட் சிஸம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸும் அவர் கைவேலைதான். பெயர் நேப்பியர் பிரபுவுடையது. சென்னைக்காரர்கள் தினமும் தாண்டிப்போகும் நேப்பியர் பாலத்துக்கும் அவர்தான் பெயர் தந்தார். குமரி மாவட்டத்து வாசகர்களுக்கு ஒரு உரிமைப் பேச்சும் உண்டு: 1956 நவம்பர் வரை உங்கள் ஊரும் இந்தத் திருவனந்தபுரத்து ஆட்சியின் கீழ் இருந்ததுதான். இந்தச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிய காசில் நாஞ்சில்நாட்டு நெல்வரியும் இருந்திருக்கும்.

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்தத் தோட்டத்தை மிருகக்காட்சி சாலைக்குப் போகும் வழியாக மட்டுமே பார்க்கிறார்கள். பெரிய மரங்களை அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொள்வதோடு சரி. நான் சொல்வது, இடுப்பு உயரத்தில் பாருங்கள் என்று. எந்தப் பாத்தியில் எந்தச் செடி என்று குறித்துத் தந்து பயனில்லை, தோட்டக்காரர்கள் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் குரோட்டன்ஸும் தெச்சியும் இல்லாத திருவனந்தபுரத்துத் தோட்டம் கிடையாது.

முதலில் குரோட்டன்ஸ். வீட்டு வாசலில் தொட்டியில் வைத்து அலுத்துப்போன செடி என்று தாண்டிவிடாதீர்கள். ஒரே இனத்திலேயே மாவிலை அகலத்தில் ஒன்று, நாடா மாதிரி ஒடுங்கியது ஒன்று, திருகாணியாகச் சுருண்டது ஒன்று. இன்னொரு வகை இருக்கிறது: இலை பாதியில் முடிந்துவிடும், நடு நரம்பு மட்டும் வெறுங்கம்பியாக நீளும், அதன் நுனியில் இன்னொரு குட்டி இலை தொங்கும். அந்த ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் அரைமணி நேரம் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள். கிழக்கிந்தியத் தீவுகள், பசிபிக் பக்கத்துச் செடி இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டக்காரர்களுக்கு இதன்மேல் பெரிய மோகம் இருந்தது.

தெச்சியை நம்மூரில் இட்லிப்பூ என்றும் சொல்வோம், மலையாளத்தில் தெச்சி, செத்தி. வேலியாகக் கத்தரித்து விட்ட இடத்தில் பூ குறைவாக இருக்கும். புதுத் தளிரின் நுனியில்தான் அது மொட்டு விடும். கத்தரி முதலில் வாங்குவதும் அந்த நுனியைத்தான். ஓரத்தில் தன்போக்கில் வளர விட்ட செடியைத் தேடிப் பாருங்கள், சிவப்புக் கொத்து அங்கே இருக்கும். காகிதப்பூ கண்ணில் பட்டால் ஒரு கொத்தைக் கிட்டத்தில் பாருங்கள். நிறமாக இருப்பதெல்லாம் இலைதான். நடுவில் வெள்ளையாக, குச்சி போல நிற்கும் சின்னக் குழல்தான் பூ. பறிக்கக் கூடாது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பாண்ட் வாத்தியத்துக்கான பழைய மண்டபம் ஒன்று உள்ளே இருக்கிறது. காலையில் நடைக்கு வந்த பெரியவர்கள் அங்கே உட்கார்ந்து அரசியல் பேசுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து காதை மட்டும் கொடுங்கள்.

உள்ளே போக நினைப்பவர்கள் கிழமை பார்த்து வாருங்கள். திங்கட்கிழமை மியூசியமும் மிருகக்காட்சி சாலையும் விடுமுறை. புதன் முற்பகலிலும் மியூசியம் திறக்காது. தோட்டத்துக்கு இந்தக் கணக்கு இல்லை. 1935இல் திறந்த சித்ரா ஆர்ட் காலரியில் இருந்த ரவிவர்மா படங்களுக்கு இப்போது அதே வளாகத்தில் தனிக் காலரி இருக்கிறது. நேரம் ஒன்றுக்குத்தான் என்றால் கூண்டுகளை விட்டுவிட்டு இதைப் பார்க்கலாம்.

அடுத்து கனகக்குன்று. வெள்ளையம்பலம் போகும் ரோட்டிலேயே, நடந்து போகும் தூரம். ஸ்ரீமூலம் திருநாள் கட்டிய கொட்டாரம். இப்போது சுற்றுலாத் துறை வசம் இருக்கிறது. ஏறக்குறைய 21 ஏக்கர் மேட்டுநிலம். கேரளப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையினர் இங்குள்ள மரஞ்செடிகளுக்குக் க்யூஆர் கோடு அட்டை மாட்டியிருக்கிறார்கள். போனைக் காட்டினால் பெயரும் விவரமும் வரும். அட்டை வெயிலில் வெளுத்திருந்தால் அடுத்த மரத்துக்குப் போங்கள். ஏற்றம் இருப்பதால் முட்டுவலிக்காரர்கள் மெதுவாக ஏற வேண்டும். ஓணம் வாரத்தில் விளக்கு அலங்காரத்தைப் பார்க்க ஊரே இங்கே வந்துவிடும். செடி பார்க்க வேண்டுமானால் அந்த வாரம் வேண்டாம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழையும் ஓய்ந்திருக்கும், புழுக்கமும் குறைவு. ஜூனிலும் அக்டோபரிலும் குடை கட்டாயம், இந்த ஊருக்கு இரண்டு பருவமழையும் உண்டு. எந்த மாதமானாலும் பத்தரைக்கு மேல் வெயிலில் நிற்க முடியாது.

அதற்குள் சாலைக்குத் திரும்பிவிடலாம். வழியில் தம்பானூரில் லாரி பேக்கர் கட்டிய சுருள் கட்டட இந்தியன் காபி ஹவுஸில் சாப்பிட்டுக்கொள்ளுங்கள். சாலையில் தோவாளைப் பூ வந்து இறங்கும் கடைகளையும் நாட்டு மருந்துக் கடைகளையும் ஒரு நடை பாருங்கள். தெச்சிப்பூவைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிக் கைக்குழந்தைக்குத் தேய்ப்பது இங்கே வழக்கம். வீட்டில் குழந்தை இருந்தால் மருந்துக் கடையில் காய்ந்த தெச்சிப்பூ கேட்டுப் பாருங்கள், கனமில்லாத சாமான்.