ஷிஃபாவுக்குப் பின்னும் பரிசோதனை ஏன்?

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பெண்மணிகள் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு: "அல்லாஹ் ஷிஃபா கொடுத்துவிட்டான். மறுபடியும் டாக்டரிடம் போவது தவக்குலுக்கு மாற்றமாகாதா?"

ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்குக் கற்றுக் கொடுத்தது திர்மிதீயில் வந்துள்ளது. இந்நோய் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்தும் திரும்புவதுண்டு. ஆகவேதான் முதல் 3 ஆண்டுகள் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறையும், அடுத்த 2 ஆண்டுகள் 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் வரச் சொல்வது வழக்கம். உடல் அல்லாஹ்வின் அமானத். அதைக் கவனிப்பதும் ஒட்டகத்தைக் கட்டுவதே.

அவர்கள் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்றுண்டு. அது அச்சம். பரிசோதனை நாள் நெருங்கினால் உறக்கம் வருவதில்லை, சோறு இறங்குவதில்லை. வீட்டாரோ, "அதுதான் குணமாகிவிட்டதே!" என்று சொல்லித் தனியே அனுப்பிவிடுகின்றனர்.

நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மீது மற்ற முஸ்லிமுக்குள்ள ஹக்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலோடு அது முடிந்துவிடுமா? கணவன்மார்களே, பிள்ளைகளே! அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். உடன் செல்லுங்கள். முடிவு தெரியும்வரை அருகிலிருந்து துஆச் செய்யுங்கள்.

வல்ல அல்லாஹ் நோயுற்றோர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.