மின்னமைப்புத் தொழில் பயில்வோர் கற்க வேண்டியவை

இப்பல்கலைக்கழகத்திற்கு வருமுன் ஈராண்டுக் காலம் நான் ஓர் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் தொழில் பயின்றவன். "கம்பி இழுக்க இரண்டு வருடப் படிப்பா?" என்று விடுதி நண்பர்கள் நகைப்பதுண்டு. அவர்கட்கு விடையாகவே இதனை எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தில் ஒரு நாள், ஒரு வீட்டில் பழுதான விளக்கு ஹோல்டரை மாற்றச் சென்றோம். சுவிட்சை அணைத்தேன், விளக்கும் அணைந்தது. ஏணியேறிக் கையை நீட்டினேன். "சோதித்தாயா தம்பி?" என்றார் உடன் வந்த ஆசிரியர். டெஸ்டரை வைத்தேன்; அதன் நியான் விளக்கு எரிந்தது! காரணம் எளியது. முன்பு வேலை செய்தவர் சுவிட்சை பேஸ் கம்பியில் வைக்காமல் நியூட்ரல் கம்பியில் வைத்திருந்தார். அவ்வாறு வைத்தாலும் விளக்கு எரியும், அணையும். குறை எவர் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் விளக்கு அணைந்த பின்னும் 230 வோல்ட் ஹோல்டர் வரை வந்து நிற்கும். அவ்வீட்டார் எத்தனை முறை பல்பு மாற்றினார்களோ!

அன்று ஆசிரியர் சொல்லிய முறை இன்றும் என் கையில் நிற்கிறது. மெயினை அணைத்து, பியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். டெஸ்டரை முதலில் மின்சாரம் உள்ள வேறோர் இடத்தில் வைத்துப் பார்த்து, அதன்பின் வேலை செய்யும் இடத்தில் வைத்து, மீண்டும் முன்னைய இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கெட்டுப்போன டெஸ்டரும் எரியாதல்லவா?

கணக்கும் வேண்டும். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். அதனை 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகலாகாது. பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைக் கட்டுவோர் உளர். அப்போது சுவருக்குள் ஓடும் கம்பியே பியூஸாகிவிடுகிறது.

பொறியியல் மாணவர் சிலரும் மயங்கும் இடம் ஒன்றுண்டு. பியூஸும் எம்.சி.பி.யும் கம்பியைக் காப்பவை. மனிதனைக் காப்பவை அல்ல. சில பத்து மில்லி ஆம்பியரே உயிரைப் போக்க வல்லது. 10 ஆம்பியர் எம்.சி.பி. அதை உணர்வதேயில்லை. ஆர்.சி.சி.பி. என்னும் கருவியோ பேஸில் சென்ற மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்பியதையும் ஒப்பிட்டு, வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினாலே இணைப்பைத் துண்டித்துவிடும். எர்த் கம்பியும் ஒழுங்காக இருத்தல் வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

கைத்திறனைப் பற்றி எழுத்தில் அதிகம் சொல்ல இயலாது. செம்பிழையைக் கீறாமல் மேலுறையை உரித்தல், திருகை இறுக முடுக்குதல் (தளர்ந்த இணைப்பு சூடேறும்), வரைபடம் படித்தல், மின்சாரம் கொடுக்குமுன் 500 வோல்ட் மெகர் கொண்டு காப்புத் தடையை அளத்தல் ஆகியவை பழகப் பழகவே வரும். ஐ.டி.ஐ. முடித்தோர் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிற்பழகுநராகச் சேரலாம். வயர்மேன் உரிமத்தை மாநில அரசு வழங்குகிறது.

என்னிடம் பழைய பயிற்சிப் பலகை ஒன்று இருக்கிறது. கற்க விரும்பும் நண்பர்கள் ஞாயிறு காலை என் அறைக்கு வரலாம், செருப்பணிந்து வருக.